கழுதை விட்டை எரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நிலத்தில் கழுதை விட்டையை எருவாக இட்டு ஒரு பருவம் முடிந்துவிட்டது. விளைச்சலில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. தொடர்ந்து இடுவதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஒரு பருவத்து விளைச்சலை வைத்து இந்த எருவை மதிப்பிடுவது சரியாகாது. கழுதை, மாட்டைப் போல அசைபோடும் விலங்கன்று. அது உண்ட தீவனம் இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்து பெருங்குடற்பகுதிக்கு வந்த பிறகே நுண்ணுயிர்களால் நொதிக்கப்படுவதால், நார்ப்பொருளில் கணிசமான பங்கு செரிக்காமலேயே விட்டையோடு வெளியேறுகிறது. அந்த நாரைச் சிதைக்கும் மண் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) தேவை என்பதால், வைக்கோல் படுக்கையோடு கலந்த விட்டையை மட்கவிடாமல் இட்டால், தொடக்கத்தில் பயிர் வெளிறிப்போவதும் உண்டு. எருவிலுள்ள தழைச்சத்தில் ஒரு சிறுபகுதியே முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைக்கிறது. எஞ்சியது மண்ணின் மட்கில் தங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் மெல்ல விடுபடுகிறது. ஆண்டுதோறும் இட்டுவரும் நிலத்தில், முன்னர் இட்ட எருக்களின் மிச்சமும் புதிய எருவும் சேர்ந்தே பயிரை ஊட்டுகின்றன.

தொழுவுரத்தின் நீண்டகால விளைவை அறிய, இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையைவிடச் சிறந்த சான்று இல்லை. ஜான் லாஸ், ஜோசப் கில்பர்ட் ஆகிய இருவரும் 1843இல் அங்குத் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடைபெற்று வருகிறது. அங்கு இடப்படுவது மாட்டுத் தொழுவுரம்தான் என்றாலும், கரிமப்பொருள் மண்ணில் சேரும் விதம் கழுதை எருவுக்கும் பொருந்தும். எக்டேருக்கு ஆண்டுதோறும் 35 டன் தொழுவுரம் பெற்ற பாத்தியில் மண்ணின் கரிமச்சத்து முதல் சில பத்தாண்டுகள் விரைவாக உயர்ந்து, பிறகு வேகம் குறைந்து, எரு இடாத பாத்தியைப்போல் இருமடங்குக்கும் மேலான அளவில் நிற்கிறது. அதே பண்ணையின் பார்லி வயலில் 1852 முதல் 1871 வரை மட்டும் தொழுவுரம் பெற்ற ஒரு பாத்தியில், அதை நிறுத்தி ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும், எருவே காணாத பாத்தியைவிடக் கரிமச்சத்து கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதல் ஆண்டுக்காண்டு கரைந்துகொண்டே வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கேள்வி: பழங்காலத்தில் கழுதை எருவுக்குப் பெருமதிப்பு இருந்ததாகப் படித்தேன். பிறகு அது ஏன் குறைந்தது?

பதில்: முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா, கால்நடை எருக்களில் கழுதையின் எருவையே முதலிடத்தில் வைத்தார், அந்த விலங்கு மிக மெதுவாக மென்று தின்பதால், அதன் எரு உடனே வயலில் இடத் தக்கதாக இருக்கிறது என்பது அவர் கூறிய காரணம். அவர் அளித்த மதிப்பை நான் ஏற்கிறேன். உடனே இடலாம் என்பதை மட்டும் ஏற்க இயலாது. அதற்கான காரணத்தை அடுத்த பதிலில் காணலாம்.

இந்த எருவின் பயன்பாடு குறைந்ததற்கு மண்ணோ பயிரோ காரணமல்ல. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ரசாயன உரத்துக்கு அடிப்படையான அம்மோனியாவைக் காற்றின் நைட்ரஜனிலிருந்து தயாரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியதும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரசாயன உரமும் டிராக்டரும் பரவியதும் ஒரே நேரத்தில் இரண்டு இழப்புகளை உண்டாக்கின: எருவின் தேவை குறைந்தது, எருவைத் தந்த சுமைவிலங்குக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அண்மைப் பத்தாண்டுகளில் மூன்றாவது காரணமும் சேர்ந்துள்ளது. கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையைச் சீன மரபு மருத்துவம் பயன்படுத்துகிறது; சீனாவில் 1990களின் தொடக்கத்தில் சுமார் 1.1 கோடியாக இருந்த கழுதைகள் இப்போது 30 இலட்சத்துக்கும் கீழே குறைந்துவிட்டதால், தோல் வணிகம் ஆப்பிரிக்காவை நாடியது. தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதைத் தடைசெய்ய ஆப்பிரிக்க ஒன்றியம் 2024 பிப்ரவரியில் முடிவெடுத்தது. சிறு உழவர்களின் சுமையைச் சுமந்து, அவர்களுடைய நிலத்துக்கு எருவையும் தந்த விலங்கு இப்படி மறைவதை வெறும் புள்ளிவிவரமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

கேள்வி: விட்டையை இட்ட இடத்தில் களை மிகுந்துவிட்டது. தவிர்ப்பது எப்படி?

பதில்: கழுதை தின்ற புல்லிலுள்ள விதைகளில் பல, முளைப்புத்திறன் குறையாமலே விட்டையில் வந்துவிடுகின்றன. ஆகவே குவித்து மட்கவைத்த பின்னரே இட வேண்டும். பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் கசியும் அளவு ஈரத்தோடு, போதிய உயரத்துக்குக் குவித்தால், குவியலின் உட்புறம் சில நாள்களில் 55 பாகை செல்சியசைக் கடக்கும். குவியலின் ஓரம் சூடேறாது. அங்குள்ள விதைகள் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் அமெரிக்க அங்கக வேளாண்மை விதிகள், திறந்தவெளிக் குவியலில் அந்த வெப்பம் 15 நாள்கள் நீடிக்க வேண்டும் என்றும், அக்காலத்தில் குறைந்தது 5 முறை கிளறிவிட வேண்டும் என்றும் கூறுகின்றன. மட்காத எருவை இட்டால், மண்ணைத் தொடும் காய்களை 120 நாள்களுக்குப் பிறகும், மண்ணைத் தொடாதவற்றை 90 நாள்களுக்குப் பிறகுமே பறிக்கலாம் என்பதும் அதே விதிகளில் உண்டு.

குதிரை, கழுதை ஆகியவற்றின் விட்டையில் இரணஜன்னி (டெட்டனஸ்) நோய்க் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். கையில் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தடுப்பூசியையும் உரிய காலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எரு எவ்வளவு இட்டாலும் நல்லதுதானே?

பதில்: இல்லை. பயிரின் தழைச்சத்துத் தேவை முழுவதையும் எருவினாலேயே நிறைவேற்ற முயன்றால், மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவைக்கு மேல் சேர்ந்து, பல ஆண்டுகளில் மண்ணில் குவிந்து, மழைநீரோடு ஓடிக் குளங்களில் பாசி பெருகக் காரணமாகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணைப் பரிசோதித்து, மணிச்சத்து உயர்ந்திருந்தால் எருவைக் குறைத்து, தழைச்சத்துக்குப் பயறுவகைப் பயிர்களை இடையே பயிரிடுவது தக்க வழி.

கேள்வி: எரு இட்ட பாத்தியில் தக்காளிச் செடியின் இலைகள் சுருண்டு, முறுக்கிக்கொண்டன. எருவே காரணமா?

பதில்: எருவோடு வந்த களைக்கொல்லி காரணமாக இருக்கலாம். புல்வெளியில் தெளிக்கப்படும் அமினோபைரலிட் என்ற மருந்து, விலங்கின் குடலைச் சிதையாமல் கடந்து விட்டையில் தங்கி, தக்காளி, அவரை, உருளைக்கிழங்கு போன்ற அகன்ற இலைப் பயிர்களைத் தாக்கும். குவியலில் அது மெதுவாகவே சிதைகிறது. எருவை நிலத்தில் இடுவதற்கு முன், மண்ணோடு கலந்து சில தொட்டிகளில் நிரப்பி அவரை விதை ஊன்றுங்கள். எரு கலவாத மண்ணிலும் சில விதைகளை ஊன்றி ஒப்பிடுங்கள். எருத் தொட்டிகளில் மட்டும் முதல் இலைகள் குவிந்து சுருண்டால், அந்த எருவைக் காய்கறிப் பாத்திகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டாம். விட்டை தருபவரிடம், கழுதைகள் மேய்ந்த புல்லுக்கும் தின்ற வைக்கோலுக்கும் என்ன மருந்து தெளிக்கப்பட்டது என்று முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.