அப்கிரேடுக்குப் பிறகு லோகோவிலேயே நிற்கும் கணினி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, லேப்டாப்பை விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாத்தினேன். லோகோ வருது, புள்ளி சுத்துது, அதோட நின்னுடுது. கடையில ஃபார்மேட் பண்ணணும்னு சொல்றாங்க. குழந்தையோட போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு.

பதில்: ஃபார்மேட்டுக்கு இப்போதைக்குச் சம்மதிக்காதீங்க தம்பி. புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்து, டிஸ்க் விளக்கும் மினுக்கினால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் சில மணி நேரம்கூட ஆகும், பொறுங்கள்.

புள்ளிகளே அசையாமல் உறைந்திருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். பிரிண்டர், பென் டிரைவ், டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். லோகோ வந்ததும் மறுபடி அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பழுதுபார்க்கும் திரை தானாகவே வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போங்கள். பட்டியல் வந்ததும் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட்.

அதில் அவசியமான டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் சிறு நிரல்கள்) மட்டும்தான் ஏறும். அங்கே திறந்துவிட்டால் டிஸ்க்கும் விண்டோஸும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. பழைய டிஸ்ப்ளே டிரைவரோ ஆன்டிவைரஸோதான் வழி மறிக்கிறது. வேறு எதையும் தொடுமுன் போட்டோக்களை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே டிரைவரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். திறந்ததும் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து 11-க்கான டிரைவரைப் போடுங்கள்.

கேள்வி: சேஃப் மோட் போகப் பார்த்தா பிட்லாக்கர் கீ கேட்குது சார். நான் எதுவுமே வைக்கலையே?

பதில்: பிட்லாக்கர் என்பது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு லாகின் செய்யும் பல லேப்டாப்களில் அது தானாகவே இயங்கிவிடும். போனில் அதே கணக்கில் நுழைந்தால் 48 இலக்க ரெகவரி கீ இருக்கும். திரையில் தெரியும் கீ ஐடியோடு ஒப்பிட்டு எடுங்கள். கீ கிடைக்கவில்லை என்பதற்காக ஃபார்மேட் மட்டும் செய்துவிடாதீர்கள், ஃபைல்கள் போனது போனதுதான்.

கேள்வி: பேசாம 10-க்கே திரும்பிடலாமா?

பதில்: அப்கிரேட் ஆகி 10 நாளைக்குள் என்றால் முடியும். அதே பழுதுபார்க்கும் திரையில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கும். அதில் ஃபீச்சர் அப்டேட்டை (11-க்கு மாற்றிய பெரிய அப்டேட்) தேர்ந்தெடுங்கள். இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆனால் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பேங்க் வேலை பார்க்கும் கணினி என்றால், திரும்புவதைத் தற்காலிக ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் விண்டோஸ் இல்ல, உபுண்டு லினக்ஸ். அப்கிரேட் பண்ணதும் கறுப்புத் திரை. என்விடியா கார்டு.

பதில்: புதிய கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) என்விடியா டிரைவர் ஒத்துப்போகவில்லை என்பதே என் முதல் சந்தேகம். ஆன் செய்யும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் எதை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். திறந்தால் அடிஷனல் டிரைவர்ஸில் பரிந்துரைக்கப்பட்ட டிரைவரை மறுபடி நிறுவுங்கள். பெரும்பாலும் புது கெர்னலும் ஏறிவிடும்.

கேள்வி: எனக்கு சேஃப் மோடும் நின்னுடுது. உள்ள கடக் கடக்னு சத்தம் வருது.

பதில்: உடனே அணையுங்கள் அம்மா. அது ஹார்ட் டிஸ்க் சாகும் சத்தம். அப்கிரேடின்போது நிறைய எழுதிப் படித்ததில் பலவீனம் வெளியே வந்திருக்கலாம். டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் நிரலை ஓட்டாதீர்கள், ஆன் செய்து ஆன் செய்து பார்க்காதீர்கள். ஃபைல்கள் முக்கியமென்றால் டேட்டா ரெகவரி செய்பவரிடம் நேராகக் கொடுங்கள். புதிதாக எஸ்எஸ்டி போடுவது அதற்கப்புறம்.