குடை ராட்டினக் குதிரை: அமெரிக்காவா, இங்கிலாந்தா?

ஏலத்தில் எடுத்த மரக்குதிரையின் இடப்பக்கம் முழுக்கச் செதுக்கல், வலப்பக்கம் ஏறக்குறைய மொட்டை. விற்றவரோ அமெரிக்கக் குதிரை என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது இங்கிலாந்துக் குதிரையாகப் படுகிறது. வேடிக்கை பார்ப்பவர் கண்ணில் படும் பக்கத்தில்தான் சிற்பிகள் உழைப்பைக் கொட்டுவார்கள். அமெரிக்க ராட்டினங்கள் பொதுவாக இடஞ்சுழியாகச் சுற்றும். அப்போது வெளியே தெரிவது வலப்பக்கம். பிலடெல்பியாவில் டென்ட்ஸல் பட்டறை செய்த குதிரைகளைப் பாருங்கள், சேணம், பூமாலை எல்லாம் வலப்பக்கத்தில்தான். இங்கிலாந்தில் வலஞ்சுழி. குதிரையில் இடப்பக்கமாக ஏறும் வழக்கத்துக்கு அதுதான் தோது.

கழுத்தையும் கவனியுங்கள். இங்கிலாந்துக் குதிரைகளின் கழுத்தில் பெயர் எழுதும் பழக்கம் உண்டு. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் மேல்பூச்சுக்கு அடியிலுள்ள எழுத்துத் தடம் சில சமயம் தெரியும்.

அப்புறம், பெயின்ட்டைச் சுரண்டி மரநிறத்துக்குக் கொண்டுவரும் யோசனையைத் தயவுசெய்து விடுங்கள். ராட்டினக்காரர்கள் பழைய பூச்சின் மேலேயே பூசிக்கொண்டு போவார்கள். முதல் வண்ணம் அடியில் இருக்கலாம். விலையும் அதில்தான் இருக்கிறது. பழைய குதிரைகளின் உடல் பெரும்பாலும் பலகைகளை ஒட்டிச் செய்த, உள்ளே வெற்றான கூடு என்பதால் வெயிலிலும் ஈரத்திலும் வைக்காதீர்கள். வயிற்றின் அடிப்பக்கம், கம்பி நுழையும் துளை இரண்டையும் படமெடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.