பீம்: அரமா, கூலியா?

அன்புள்ள ஐயா,

1 சாமுவேல் 13:21ல், கடப்பாரை, மண்வெட்டியெல்லாம் கூர்மையாக்க இஸ்ரவேலரிடம் 'அரங்கள் மாத்திரம்' இருந்தன என்று நம் பழைய வேதாகமம் சொல்கிறது. என் மகள் வாசிக்கும் ஆங்கில வேதாகமத்தில் அரமே இல்லை, மூன்றில் இரண்டு சேக்கல் (அக்கால எடை அளவு) என்று ஒரு தொகை இருக்கிறது. எது சரி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தொகைதான் சரி. அங்கே எபிரெயத்தில் இருக்கும் சொல் 'பீம்'. எபிரெய வேதாகமம் முழுவதிலும் இந்த ஒரு வசனத்தில்தான் அது வருகிறது, அதனால் வேறு இடத்தோடு ஒப்பிட்டுப் பொருள் பிடிக்க வழியில்லாமல் இருந்தது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அரம்தான். ஆனால் இஸ்ரவேலர் கருவிகளைத் தீட்ட எதிரிகளான பெலிஸ்தரிடம் போனார்கள் என்கிற முந்தைய வசனத்தோடு சேர்த்துப் படித்தால் இடிக்கிறதே! கையில் அரம் இருக்கிறவன் கொழுவைத் தீட்ட எதற்காகப் பெலிஸ்தனிடம் போக வேண்டும்?

விடை மண்ணுக்குள் கிடந்தது. பழைய யூதா நாட்டுப் பகுதிகளில் தோண்டியபோது, அடி தட்டையாகவும் மேல்புறம் உருண்டும் இருக்கிற சின்னச் சின்ன சுண்ணாம்புக்கல் எடைக்கற்கள் கிடைத்தன, சிலவற்றில் பழைய எபிரெய எழுத்தில் இதே 'பீம்'. எடை ஏறக்குறைய 7.6 கிராம், அதாவது 11.3 கிராம் சொச்சமுள்ள சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. அப்போது நாணயம் கிடையாது, வெள்ளியை நிறுத்துத்தான் கொடுப்பார்கள். ஆக, கொழுவும் மண்வெட்டியும் தீட்ட ஒரு பீம் வெள்ளி கூலி. கொல்லனே இருக்கக்கூடாது என்று தடுத்துவிட்டு, உழுகிறவனிடம் அந்தக் கூலியையும் வாங்கியிருக்கிறார்கள் பெலிஸ்தர். அரம் என்று படிக்கும்போது இந்தக் கொடுமை கண்ணிலேயே படுவதில்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

சொல் எங்கிருந்து வந்தது என்றால், எபிரெயத்தில் 'பே' என்றால் வாய், பங்கு என்றும் வரும். சகரியா 13:8ல் 'பீ ஷ்னாயிம்', அதாவது இரண்டு வாய், மூன்றில் இரண்டு பங்கு என்ற பொருளில் வருகிறது. பீம் அதன் சுருக்கமாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து, எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இதை வைத்து, இந்த வசனம் சொல்லும், இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் காலக் கதை நிரூபணமாகிவிட்டது என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள், அது சரியல்ல. கிடைத்த கற்களில் பெரும்பாலானவை கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, சவுலுக்கு வெகு பின்னால். இந்த எடை புழக்கத்தில் இருந்ததை அறிந்த ஒருவர் எழுதிய வசனம் இது என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம். கி.மு. 586ல் எருசலேம் விழுந்தபின் இந்தக் கற்கள் வழக்கொழிந்தன. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களுக்கு இது கூலி என்று புரிந்திருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று தெரியாமல் மூன்று சேக்கல் என்று எழுதிவிட்டார்கள்.