ரிம், டயர், ரீமேப்: வாசகர் கேள்வி – பதில்

ஹாட் ஹேட்ச், அதாவது வேகமாக ஓட்டுவதற்கென்றே சக்தி கூட்டிய ஹேட்ச்பேக் கார் வைத்திருப்பவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். டயரைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சொல்வதில் பாதி, இன்ஜினைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் தேவைப்படுகிறது.

கேள்வி: என் டர்போ ஹேட்ச்பேக்கில் கம்பெனி கொடுத்த டயர் 195/55 ஆர்16, ரிம் 6.5ஜே. 17 போடுவதா 18 போடுவதா என்று குழப்பம். நண்பர் ஒருவர் "225 போடு, ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு போகும்" என்கிறார். எதைப் போடலாம்?

பதில்: 205/45 ஆர்17, 7ஜே ரிம்மில், அதாவது 7 அங்குல அகலம் உள்ள ரிம்மில். கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஒரு தடவை புரிந்துவிட்டால் எந்தக் காருக்கும் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது சைடுவாலின், அதாவது டயரின் பக்கச்சுவரின் உயரம், ஆனால் அது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 55 சதவீதம், அதாவது சுமார் 107 மி.மீ. 16 அங்குல ரிம் 406 மி.மீ., அதோடு மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு சைடுவாலைச் சேர்த்தால் மொத்த விட்டம் 621 மி.மீ. இந்த 621-ஐ விட்டு விலகாமல் இருப்பதுதான் முக்கியம், ஏனென்றால் ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், கியர் விகிதம் எல்லாமே இந்த அளவை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. 205/45 ஆர்17-க்கு அதே கணக்கைப் போட்டால் 616 வரும், ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. 205/40 ஆர்18-க்கு 621, அப்படியே அதே அளவு. நண்பர் சொன்னதை 225/45 ஆர்17 என்று எடுத்துக்கொண்டால் 634. எல்லா கியரும் 2 சதவீதம் நீண்டுவிடும், பிக்கப் குறையும், ஸ்பீடோமீட்டர் முன்பைவிட 2 சதவீதம் குறைத்துக் காட்டும், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள்பக்கம் உரசவும் வாய்ப்பு அதிகம். அதோடு 225/45 டயருக்குக் குறைந்தது 7 அங்குல ரிம் வேண்டும். உங்கள் 6.5-ல் ஏற்றினால் சைடுவால் உள்பக்கமாக இழுக்கப்பட்டு, வளைவில் டயர் நெளியும்.

அகலமான டயர் என்றாலே அதிகப் பிடிப்பு என்று பலரும் நம்புகிறார்கள், முழுக்க அப்படி இல்லை. டயர் தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் அதன் மேல் இருக்கும் எடையையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. அகலத்தைக் கூட்டினால் அந்தப் பரப்பு பக்கவாட்டில் அகன்று, நீளத்தில் குறுகும். வளைவில் இது கொஞ்சம் உதவும், ஆனால் தேங்கிய தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்க ஆரம்பிக்கும். ரப்பர் கலவையின் தரம் இதைவிடப் பல மடங்கு முக்கியம். சாதாரண 225-ஐவிட நல்ல 205 கண்டிப்பாகச் சீக்கிரம் நிற்கும், நான் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

18 அங்குலம் ஏன் வேண்டாம்? விட்டம் சரிதான், ஆனால் 107 மி.மீ. சைடுவால் 82-ஆகச் சுருங்கிவிடும். ஒரு பள்ளத்தில் விழுந்தால் ரிம்தான் முதலில் வாங்கும். நான் ஒரு காலத்தில் 18 மாட்டி ஓட்டினேன், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, ஒரே வருடத்தில் இரண்டு ரிம் வளைந்தது. எடையும் ஏறும். சக்கரத்தில் ஏறும் எடையை இன்ஜின் தள்ளினால் மட்டும் போதாது, சுழற்றவும் வேண்டும், அதனால் உள்ளே வைத்திருக்கும் சாமானைவிட அது பிக்கப்பை அதிகம் தின்னும். ரிம் வாங்கும்போது டிசைனைப் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை கிலோ என்று கேளுங்கள்.

இன்னொன்று, அளவுக்குப் பின்னால் வரும் 87வி, 84டபிள்யூ மாதிரியான குறியீடு. 87 என்றால் அந்த ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோதான். 205/45 ஆர்17 சாதாரண வகையில் 84-ஆகவும், எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும்) வகையில் 88-ஆகவும் கிடைக்கும். இப்போது இருப்பது 87 என்றால் 88 எக்ஸ்எல்தான் வாங்க வேண்டும், காற்றும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். எழுத்து வேகத்துக்கானது: எச் 210, வி 240, டபிள்யூ 270 கி.மீ. இதிலும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: பழைய ரிம் 6.5ஜே இ.டி.45. பிடித்துப்போன புது ரிம் 7ஜே இ.டி.38. வித்தியாசம் சின்னதுதானே?

பதில்: எண்ணில் சின்னது, காரில் அப்படி இல்லை. இ.டி. என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது காரோடு பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது; அது குறைந்தால் சக்கரம் வெளியே வரும். அரை அங்குலம் அகலம் கூடுவதால் இரண்டு பக்கமும் 6 மி.மீ. சொச்சம், இ.டி. 7 குறைவதால் மொத்தச் சக்கரமும் வெளியே 7 மி.மீ. ஆக வெளி விளிம்பு 13 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபெண்டர் தாங்குமா என்பதை நான்கு பேரை உட்காரவைத்து, பள்ளத்தில் இறக்கித்தான் பார்க்க வேண்டும், நிறுத்திவைத்த காரில் விரலை விட்டுப் பார்ப்பது போதாது. முன்சக்கர டிரைவ் கார் என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்டீயரிங் இழுப்பதும் கூடும். இ.டி.45-க்குப் பக்கத்தில் 7ஜே கிடைத்தால் அதையே எடுங்கள், உள்பக்கம் சஸ்பென்ஷனுக்கும் டயருக்கும் இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைத்திறன். ஸ்டேஜ் 1 ரீமேப் செய்தால் 170 வரும் என்கிறார்கள். இன்ஜின் தாங்குமா?

பதில்: ரீமேப் என்றால் இன்ஜினை நடத்தும் கணினியான இசியூவில் இருக்கும் மேப்பை, அதாவது அமைப்புகளை மாற்றி எழுதுவது; ஸ்டேஜ் 1 என்றால் பாகம் எதையும் மாற்றாமல் அதை மட்டும் செய்வது. 170 என்பது நம்பக்கூடிய எண்தான், டர்போ இன்ஜினில் பூஸ்ட்டையும் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் பொறி வைக்கும் நேரம்) மாற்றினாலே அவ்வளவு வரும். ஆனால் நீங்கள் குதிரைத்திறனைப் பார்க்கிறீர்கள், நான் டார்க்கை, அதாவது முறுக்குவிசையைப் பார்க்கிறேன். இந்தச் சின்ன டர்போ இன்ஜின்களை உடைப்பது 6000 ஆர்பிஎம்மில் வரும் குதிரைத்திறன் இல்லை, 1800-லேயே மொத்த பூஸ்ட்டையும் கொடுத்து டார்க்கை வாரி இறைக்கும் மேப்தான். நேரடி எரிபொருள் ஊசி இருக்கும் டர்போ இன்ஜினில் குறைந்த ஆர்பிஎம், அதிக லோடு என்ற நிலையில் பிளக் பொறி வைப்பதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். அப்படி ஒரே ஒரு தடவை பலமாக நடந்தால்கூட பிஸ்டன் உடையலாம். இதைக் கட்டுப்படுத்தத்தான் 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற தர இன்ஜின் ஆயிலில் அதற்கென்றே ஒரு சோதனை வைத்தார்கள். ஆயிலை அந்தத் தரத்துக்கு மாற்றுங்கள், டார்க்கை 2500-க்கு மேல் மெதுவாக ஏற்றித்தரச் சொல்லுங்கள், 5-வது கியரில் 1500-ல் வைத்து மிதிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மேப் போடுபவரைத் தேர்ந்தெடுப்பது இன்னும் முக்கியம். பொதுவான ஃபைலை ஏற்றிவிட்டு அரை மணி நேரத்தில் சாவியைத் திருப்பித் தருபவர் வேண்டாம். முதலில் ஸ்டாக் நிலையில், அதாவது கம்பெனி கொடுத்தபடியே, டைனோவில் (சக்தியை அளக்கும் மேடை) ஓட்டிப் பார்க்க வேண்டும், கம்ப்ரஷன் சரியாக இருக்கிறதா, கிளட்ச் நழுவுகிறதா, பிளக் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், மேப்புக்குப் பிறகு நாக் சென்சார் (கலவை தப்பாக வெடிப்பதை உணரும் கருவி) எவ்வளவு டைமிங்கைப் பின்னால் இழுக்கிறது, உள்ளே போகும் காற்றின் சூடு எவ்வளவு, கலவை எப்படி என்ற லாக்கை, அதாவது பதிவை உங்கள் கையில் கொடுக்க வேண்டும். 98 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் 95 ஊற்றினால், இசியூ டைமிங்கைக் குறைத்து இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கும், ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 30 குதிரையில் பாதி அங்கேயே போய்விடும். உங்களுக்குத் தினமும் கிடைக்கிற பெட்ரோலுக்கே மேப் எழுதச் சொல்லுங்கள். வாரண்டி போகலாம், இன்ஷூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும், இரண்டையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது டர்போ இல்லாத 1.2 லிட்டர். கோன் ஃபில்டரும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் போட்டால் எவ்வளவு கூடும்?

பதில்: சத்தம் நிறையக் கூடும், சக்தி ரொம்பக் கொஞ்சம். பானட்டுக்குள் திறந்தபடி இருக்கும் கோன் ஃபில்டர் இன்ஜினின் சூட்டுக் காற்றையே உறிஞ்சும், சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு, டிராஃபிக்கில் ஸ்டாக் ஃபில்டரைவிட மோசமாகக்கூட ஓடலாம். அந்தக் காசை நல்ல டயர், பிரேக் பேடு, புது பிரேக் ஆயில் இவற்றில் போடுங்கள். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு முன் கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். மலைப்பாதையில் பெடல் திடீரென்று மெத்தென்று ஆவது இதனால்தான். 1976-ல் விற்பனைக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐ-யில் 110 குதிரைத்திறன்தான், டயர் 175 அகலம், ரிம் 13 அங்குலம். எடை 800 கிலோ சொச்சம் என்பதால்தான் அது பறந்தது. உங்கள் காரும் இலேசானதுதான், அதைக் கெடுக்காமல் ஓட்டுங்கள்.

கேள்வி: டயர் சைடில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்குக் காற்று பிடிக்கலாமா?

பதில்: கூடாது. அது டயர் தாங்கும் உச்ச அளவு. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் உங்களுக்கானது, காலையில் ஓட்டுவதற்கு முன்னால் பிடியுங்கள்.

கேள்வி: ரீமேப் முடிந்தது. இப்போது இரண்டாவது கியரிலும் முன்சக்கரம் சுற்றுகிறது, ஸ்டீயரிங் கையைவிட்டு ஓடுகிறது. பெரிய டயர் போட்டால் தீருமா?

பதில்: அளவை மாற்றுவதற்கு முன்னால் டயரின் வயதைப் பாருங்கள். சைடுவாலில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்: 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழையது என்றால் ரப்பர் இறுகியிருக்கும், அதே அளவில் நல்ல புது டயர் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம் அலைன்மென்ட், கீழ் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கையைப் பிடித்திருக்கும் ரப்பர்), இன்ஜின் மவுண்ட் எல்லாவற்றையும் பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் கூடுதல் டார்க் வரும்போது சக்கரமே கோணம் மாறி இழுக்கும். இவ்வளவும் சரியாக இருந்தும் இழுத்தால், மேப் போட்டவரிடம் திரும்பிப் போய் முதல் இரண்டு கியருக்கு மட்டும் டார்க்கைக் குறைக்கச் சொல்லுங்கள், பல இசியூக்களில் கியர் வாரியாகச் செய்ய முடியும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைத் தடுக்கும் பாகம்) அருமையான சாமான்தான், ஆனால் கியர்பாக்ஸைப் பிரிக்கிற வேலை. அடுத்து கிளட்ச் மாற்றும் நாள் வரும்போது இரண்டையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள்.