ஈகிள்ஸா, ரயில் பட்டறைப் பெயரா?

உங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு ஈகிள்ஸ் (கழுகுகள்) என்று பெயர் வைப்பதா, ஊர் ரயில் பட்டறையை வைத்து வந்த பெயரை வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். ஈகிள்ஸை விட்டுவிடுங்கள். பட்டறைப் பெயரையே எடுங்கள். பட்டறைப் பெயரைக் கேட்டுப் பழைய ரசிகர்கள் "இது கேலிக்கூத்து" என்று கொதிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். பெரும்பாலும் கோபம் பெயர் மேல் இருக்காது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் அவர்களிடம் விளக்கியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரப் பெயரில் 2016 முதல் ஆடும் யார்ட் கோட்ஸ் (யார்டு ஆடுகள்) பேஸ்பால் அணியைப் பாருங்கள். ரயில் யார்டில் பெட்டிகளை இழுத்துத் தள்ளும் சின்ன எஞ்சினுக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் அது. முதலில் சிரித்தார்கள், அப்புறம் பேஸ்பால் மட்டையைக் கடிக்கும் அந்த ஆட்டுத் தொப்பியை வாங்கிக் குவித்தார்கள். பென்சில்வேனியாவின் அயர்ன்பிக்ஸ் (இரும்புப் பன்றிகள்) அணிப் பெயருக்கும் பின்னால் உருக்காலைதான்; எஃகு செய்ய உருக்கும் கச்சா இரும்புக்கு ஆங்கிலத்தில் 'பிக் அயர்ன்' என்று பெயர்.

அறிவிக்கும் முன் ஒரு சோதனை: பத்து வயதுப் பிள்ளையிடம் பெயரைச் சொல்லித் தொப்பிக்குப் படம் வரையச் சொல்லுங்கள். பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடமும் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் சுளித்தால் மறுபடி யோசியுங்கள்.

வர்த்தக முத்திரைத் தேடலை வக்கீலிடம் விடுங்கள். இன்னொன்று, பெயர் அணியை ஊரில் கட்டிப்போடாது. நியூ ஆர்லியன்ஸ் பேஸ்பால் அணி 2017 சீசனுக்குப் பேபி கேக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது; 2019 சீசன் முடிந்ததும் கான்சஸ் மாநிலத்தின் விசிட்டா நகருக்குப் போய்விட்டது. அங்கே புது மைதானம் தயாராகிக்கொண்டிருந்தது.