காவிரியைப் பற்றி ஒரு கட்டுரை – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் மன்னார்குடியில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு போட்டிக்காக ‘காவிரியும் டெல்டா விவசாயமும்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுத வேண்டும். குறிப்பெடுத்தே ஒரு நோட்டு நிறைந்துவிட்டது. கரிகாலன், கல்லணை, மேட்டூர், நடுவர் மன்றம் எல்லாம் இருக்கிறது. ஆனால் முன்னுரையைத் திரும்பத் திரும்ப எழுதிக் கிழித்துப் போடுகிறேன், அதைத் தாண்டவில்லை. கட்டுரையை எப்படித் திட்டமிடுவது, எங்கே தொடங்குவது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் நோட்டில் எல்லாம் இருக்கிறது, ஒரு கேள்வியைத் தவிர. இவ்வளவு பெரிய தலைப்பில் எதை எழுதினாலும் பொருந்தும், அதனால் எதை விடுவது என்று தெரியாது. உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை முதலில் பிடியுங்கள். குறுவை என்கிற குறுகிய கால நெல்லின் அறுப்பு சமயத்தில் தார்ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் கொட்டி, காலால் கோடு கோடாகத் துழாவிக் காய வைக்கிறார்களே, அது ஏன்?

அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு பிடி நெல்லை மீட்டரில் போட்டு ஈரப்பதம் பார்ப்பார்கள். வரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டினால் திரும்பக் காய வைக்கச் சொல்வார்கள். 40 கிலோ சிப்பமாக, அதாவது மூட்டையாகப் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். காத்திருப்பவர்களிடம் பேசுங்கள். எத்தனை நாளாக நிற்கிறார்கள், ஊரில் நெல் காய வைக்கக் களம் இருக்கிறதா, தார்ப்பாய் யாருடையது. ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் யார் சொன்னது, எந்தத் தேதி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் திட்டம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்பது பரீட்சைத் தாளுக்குச் சரி. ‘பாசனம்’, ‘பயிர்’, ‘விற்பனை’ என்று உள்தலைப்பு போட்டால், அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கிடக்கும். நான் முழு வாக்கியங்களாகத்தான் திட்டத்தை எழுதுவேன், முந்தைய வாக்கியத்தைப் பார்த்து ‘ஏன்’ என்று அடுத்தது கேட்கும்படி. ரோட்டில் காய வைப்பது, நெல்லில் ஈரம் கூடுதலாக இருப்பதால். ஈரம் கூடுவது, அறுப்பு புரட்டாசி, ஐப்பசி மழையில் மாட்டுவதால். அப்படி மாட்டுவது, குறுவை ஏறக்குறைய 110 நாள் பயிர் என்பதாலும், மேட்டூர் அணைத் திறப்புக்கான வழக்கமான நாளே ஜூன் 12 என்பதாலும். திறப்பு தள்ளிப்போனால் அறுப்பும் மழைக்குள் தள்ளிப்போகும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதே தாமதம், அங்கே நிலைமை இன்னும் மோசம்.

இதுவரை சரளமாக வந்துவிடும். ஆனால் பம்புசெட் வைத்திருப்பவர் மேட்டூரை எதிர்பாராமல் முன்பட்டமாக நட்டு, மழைக்கு முன்பே அறுத்துவிடுகிறார். அவரும் ஏன் ரோட்டில் காய வைக்கிறார்? இங்கே உங்கள் விளக்கம் இடறும். இடறட்டும். திரும்பப் போய்க் கேளுங்கள். அறுவடை மெஷின் வந்த பிறகு என்ன மாறியது என்றும் கேளுங்கள், பேச்சு நீளும். கட்டுரையில் உயிருள்ள பகுதி இந்த மாதிரி இடத்தில்தான் கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். முதல் விளக்கத்தோடு திருப்திப்பட்டு எழுத உட்கார்ந்துவிடாதீர்கள்.

எழுதும்போது முன்னுரையை விட்டுவிடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பத்தியிலிருந்து தொடங்கலாம், ஈரப்பத மீட்டராகவே இருக்கட்டும். முதல் பத்தியைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

வெட்டுவதுதான் வலிக்கும். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. எல்லாம் உண்மை. ஆனால் ரோட்டில் காயும் நெல்லுக்கு இவை விடை சொல்லவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். கரிகாலனுக்கும் இதே விதிதான். ‘சோழ வளநாடு சோறுடைத்து’ என்ற வரியையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், நடுவர் அதை எல்லாத் தாளிலும் படித்திருப்பார். பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு முட்டுகிற வாக்கியத்தை இரண்டாக்குங்கள்.

கட்டுரைக்கு முன்னால் அந்தத் திட்ட வாக்கியங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள். பம்புசெட்காரர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.