கம்பெனி திவாலானா கேரண்டி போட்டவருக்கும் ஸ்டே உண்டா?

கேள்வி: என் மச்சான் கடலூர் சிப்காட்ல பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்தினார். பேங்க் லோனுக்கு நான் கேரண்டி கையெழுத்து போட்டு வீட்டுப் பத்திரமும் குடுத்தேன். இப்ப சென்னை என்சிஎல்டி-ல (கம்பெனி கேஸ்களைப் பார்க்கற தீர்ப்பாயம்) திவால் கேஸ் அட்மிட் ஆயிடுச்சு, மொரட்டோரியம் (கடன் வசூலுக்குத் தற்காலிகத் தடை) வந்தாச்சு, இனிமே யாரும் கிட்ட வரமுடியாது மாமாங்கறார். ஆனா எனக்கு பேங்க்லேந்து 60 நாள் நோட்டீஸ் வந்திருக்கு. அமெரிக்காவுல கூட கையெழுத்து போட்டவங்களுக்கும் ஸ்டே உண்டுன்னு பையன் சொல்றான். இந்த நோட்டீஸ் செல்லுமா?
- வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: செல்லும் சார். 2016 திவால் சட்டம் 14-வது பிரிவு மொரட்டோரியம் கம்பெனிக்கும் அது சொத்துக்கும்தான். கேரண்டி போட்டவருக்கும் உண்டான்னு ஆரம்பத்துல குழப்பம் இருந்துச்சு, சென்னை தீர்ப்பாயமே ஒரு கேஸ்ல உண்டுன்னு சொல்லிச்சு, அப்புறம் 2018-ல சட்டத்தையே திருத்தி கிடையாதுன்னு எழுதிட்டாங்க, அந்த வருஷம் ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. நாளைக்கு கம்பெனியை மீட்கற பிளான் பாஸாகி பேங்க் பாதிக் கடனை விட்டுக்குடுத்தாலும் அதனால மட்டும் உங்க கேரண்டி தீராது, 2021-ல வந்த தீர்ப்பு அது.

பையன் சொல்றது அமெரிக்க திவால் சட்டத்துல சாப்டர் 13-ல, அதாவது தனிநபர் தவணையில கடன் கட்டற முறையில வர்றது. அதுவும் சொந்த வீட்டுச் செலவுக்கு வாங்கின கடனுக்குத்தான், பிசினஸ் லோனுக்கு இல்ல.

உங்க மச்சானும் ரொம்ப நிம்மதியா இருக்க வேணாம்! கம்பெனி செக் பவுன்ஸ் கேஸ் ஏதாவது இருந்தா கம்பெனி மேல மட்டும்தான் நின்னு போகும், கையெழுத்து போட்ட டைரக்டர் மேல தொடர்ந்து நடக்கும்.

நீங்களே தனியா 94-வது பிரிவுல உங்க பேர்ல திவால் மனு போடலாம், ஆனா வீட்டைக் காப்பாத்திடும்னு நம்பி போடாதீங்க, அதுல உங்க சொத்து பூரா கணக்குக்கு வந்துடும். இப்போதைக்கு 60 நாளுக்குள்ள நோட்டீஸுக்கு எழுத்துல ஆட்சேபம் குடுங்க, பேங்க் 15 நாள்ல பதில் சொல்லியாகணும். அதுக்கப்புறமும் வீட்டை எடுக்க வந்தா 45 நாளுக்குள்ள டிஆர்டி-க்கு (கடன் வசூல் தீர்ப்பாயம்) போகணும், நாள் தவறிடாதீங்க. வக்கீலைப் பார்க்கறதுக்கு முன்னாடி கேரண்டி பத்திரக் காப்பிய பேங்க்ல கேட்டு வாங்குங்க, எவ்ளோ தொகைக்கு கையெழுத்து போட்டோம்னே பாதிப் பேருக்குத் தெரியறதில்ல.